முப்பதாவது நாள்

லீவில் வந்த மகன் யூனிட்டுக்குத் திரும்பவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அடுத்து என்ன நடக்கும்? ராணுவச் சட்டத்தின் முன்னால் அவர் தன்னை எப்படிக் காத்துக்கொள்ள முடியும்?

காலை எட்டரை மணி. மூலக்கடைச் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கின்றன. அவற்றின் இடுக்கில் நுழைந்து வரும் காவல் நிலைய பைக் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் திரும்புகிறது. ஏட்டையா இறங்கும் வீட்டில், முன்னறைச் சுவரில் சீருடைப் படம். கட்டிலுக்கு அடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மேல் வெள்ளை பெயிண்டில் ஆர்மி நம்பர்.

“பையன் வந்திருக்கானாம்மா?” ஏதோ கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்போலத்தான் கேட்பார். “ஏன் சார், இன்னா ஆச்சு?” என்று அம்மா பதறுவதற்குள் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் வெளியே வந்துவிடும். நம்பர், ரேங்க், பெயர், அப்பா பெயர், அங்க அடையாளம், எந்தத் தேதியிலிருந்து ஆளைக் காணவில்லை என்ற விவரம். படைக்காரர்கள் இதை ‘அப்ரிஹென்ஷன் ரோல்’ என்பார்கள். பையன் பெரும்பாலும் உள்ளறையில்தான் படுத்திருப்பான்.

இந்தக் காட்சிக்கு ஒரு பெயரை ஒட்டத் தேவையில்லை. மாதவரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என எந்தப் பேட்டையானாலும் இதே வரிசையில்தான் நடக்கும். ராணுவச் சட்டம் 1950, பிரிவு 105 அப்படி. ஆள் ஓடிவிட்டார் என்று கமாண்டிங் ஆபீசர் எழுதி அனுப்பினால், உள்ளூர் போலீஸ் வாரண்ட் இல்லாமலே அவரைப் பிடித்து, அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம்.

2025 மே மாதத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு வீடுகளில் கூடியிருக்கிறது. ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதல், மே 7 ஆபரேஷன் சிந்தூர். அந்த வாரத்தில் நாடு முழுக்க லீவில் இருந்த வீரர்கள் அவசரமாகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கல்யாணமான சில நாளில் கிளம்பியவர்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன, ஊர் கூடி வழியனுப்பியது. அழைப்பு வந்தும் கிளம்பாதவருக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதற்கும் சட்டத்தில் தனி வரி இருக்கிறது: லீவில் இருக்கும்போது தன் படைப்பிரிவு களப்பணிக்கு ஆணையிடப்பட்டது என்று உரிய அதிகாரியிடமிருந்து தகவல் கிடைத்தும், போதிய காரணமின்றி உடனே திரும்பாதது 39-ஆம் பிரிவின்படி குற்றம்.

ஏன் திரும்புவதில்லை?

‘பயந்தாங்கொள்ளி’ என்று ஊர் சொல்லிவிடும். அது வசதியான பதில். உண்மைக் காரணங்கள் பெரும்பாலும் பயத்தோடு சம்பந்தமில்லாதவை. மனைவிக்குப் பிரசவ தேதி தள்ளிப்போகிறது. அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர், இப்போது பக்கவாதத்தில் படுக்கை. தங்கைக்கு நிச்சயம் முடிந்து, பணம் புரட்ட ஆளில்லை. அண்ணனோடு பட்டா தகராறு, திருவொற்றியூர் கோர்ட்டிலோ பொன்னேரி கோர்ட்டிலோ வாய்தா. குடி. சரியாகத் தூக்கம் வராமை, யாரிடமும் சொல்ல முடியாத மனச்சோர்வு. இவற்றில் ஏதாவது ஒன்றுக்காக இரண்டு நாள் தாமதிப்பவர், அந்த இரண்டு நாளுக்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டே இருபது நாள் தாமதிக்கிறார். போனை அணைத்து வைக்கிறார். கம்பெனி சீனியர் ஜே.சி.ஓ.வின் அழைப்பை எடுப்பதில்லை. தாமதம் சிறிய தவறாகத் தொடங்கி, மௌனத்தால் பெரிய குற்றமாகிறது.

யூனிட்டின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லைச் சாவடியில் ஆறு பேர் மாறி மாறிக் காவல் நிற்கும் இடத்தில் ஒருவர் வரவில்லை என்றால், அவருடைய இரவு மற்ற ஐவர் தலையில் விழுகிறது. அடுத்து லீவுக்குப் போகவேண்டியவரின் லீவ் தள்ளிப்போகிறது. அவருக்கும் ஒரு மனைவி, ஒரு பிரசவ தேதி உண்டு. சொல்லாமல் நின்றுபோகிறவர்மேல் படைக்குள் இருக்கும் கோபம் சட்டப் புத்தகத்திலிருந்து வருவதில்லை, இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

இரண்டு குற்றங்கள், நடுவில் ஒரு மனம்

சட்டம் இதை ஒரே குற்றமாகப் பார்ப்பதில்லை. பிரிவு 39 லீவ் இல்லாமல் போவதையும், ‘போதிய காரணம் இல்லாமல்’ லீவைத் தாண்டி நிற்பதையும் சொல்கிறது. பேரக்ஸில் முதலாவதை ஏ.டபிள்யூ.எல். என்றும் இரண்டாவதை ஓ.எஸ்.எல். என்றும் சொல்வார்கள். அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு சிறை. பிரிவு 38 படையை விட்டு ஓடுவதைச் சொல்கிறது. சாதாரணக் காலத்தில் 7 ஆண்டு வரை சிறை. களப்பணியில் இருக்கும்போது அல்லது களப்பணிக்கு ஆணை வந்த பிறகு ஓடினால் மரண தண்டனைவரை சட்டத்தில் இடம் இருக்கிறது.

இரண்டையும் பிரிக்கும் கோடு எது? நாள் எண்ணிக்கை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் கோடு வேறு என்பதை 1986-இல் கேப்டன் வீரேந்திர குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஓடிப்போனவர் ஒவ்வொருவரும் லீவ் இல்லாமல் போனவர்தான். ஆனால் லீவ் இல்லாமல் போன ஒவ்வொருவரும் ஓடிப்போனவர் ஆகமாட்டார். திரும்பி வரக்கூடாது என்ற எண்ணம் இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

மனத்தில் இருப்பதை எப்படி நிரூபிப்பது? சின்னச் சின்னப் பொருள்களால்தான். யூனிட் லாக்கரில் துணிமணி, புத்தகம், பேங்க் பாஸ்புக் எல்லாம் விட்டுவிட்டு வந்திருந்தால் அது திரும்பும் எண்ணத்துக்குச் சாட்சி. திரும்பிப் போக எடுத்த ரயில் டிக்கெட், அது ரத்தான பி.என்.ஆர். விவரம், நடுவில் யூனிட்டுக்குச் செய்த போன் அழைப்புகளின் பட்டியல், லீவ் நீட்டிப்பு கேட்டு அனுப்பிய கடிதத்தின் ரசீது ஆகியவையும் அப்படித்தான். எல்லாவற்றையும் விட வலுவானது, தானே போய்ச் சரணடைவது.

வீட்டு வாசலில் நிற்கும் ஏட்டையாவுக்கு இங்கேதான் பெரிய பங்கு வருகிறது. ஒருவர் காவல் நிலையத்தில் சரணடைந்தார் அல்லது கைது செய்யப்பட்டார் என்று நிலையப் பொறுப்பு அதிகாரி தேதியும் இடமும் போட்டுக் கையெழுத்திடும் சான்றிதழ், பின்னால் கோர்ட் மார்ஷலில் அப்படியே சாட்சியமாகும் என்கிறது பிரிவு 142. ஆகவே போலீஸ் கதவைத் தட்டும்வரை காத்திருப்பதைவிட, நாமே நடந்து போய் ‘சரணடைந்தார்’ என்று எழுதி வாங்குவது மேல். காவல் நிலையம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. சென்ட்ரலில் படையினரின் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. அலுவலகம் இருக்கிறது, தீவுத்திடல் பக்கம் தக்ஷிண பாரத் ஏரியா தலைமையகம் இருக்கிறது. படை அதிகாரியிடம் சரணடைந்தாலும் அதே மாதிரிச் சான்றிதழ் உண்டு.

■ பெட்டிச் செய்தி: நாள் கணக்கு

6 மணி நேரம்: தொடர்ந்து இவ்வளவு நேரம் இல்லாமல் போனாலே ஒரு நாள் சம்பளப் பிடித்தத்துக்குக் கணக்கு (பிரிவு 92).

30 நாள்: இதைத் தாண்டினால் கோர்ட் ஆஃப் என்கொயரி (பிரிவு 106). அமெரிக்கப் படையிலும் ஓடிப்போனவர் என்று பதிவேட்டில் ஏற்ற இதே 30 நாள்தான்.

28 நாள்: கமாண்டிங் ஆபீசர் விசாரணை மன்றம் இல்லாமலே கொடுக்கக்கூடிய அதிகபட்சக் காவல் தண்டனை (பிரிவு 80).

3 ஆண்டு: லீவ் தாண்டிய குற்றத்துக்கு இதற்குள் கோர்ட் மார்ஷல் தொடங்க வேண்டும் (பிரிவு 122). ஓடிப்போன குற்றத்துக்கு இந்தக் காலவரம்பு கிடையாது.

3 அல்லது 10 ஆண்டு: ஆள் அகப்படாவிட்டால், சாதாரண இடத்திலிருந்து ஓடியவரை 3 ஆண்டுக்குப் பிறகும், களப்பணியிலிருந்தோ ஆயுதத்தோடோ ஓடியவரை 10 ஆண்டுக்குப் பிறகும் டிஸ்மிஸ் செய்வது ராணுவ ஆணையில் உள்ள நடைமுறை.

டிசம்பர் 4 என்ற உதாரணம்

‘போதிய காரணம்’ என்பதை வடசென்னைக்காரருக்கு விளக்க ஒரு தேதி போதும். 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். வியாசர்பாடிக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே உள்ள 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்ட, சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய ரயில்கள் ரத்தாயின. மணலி, எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து வீடுகளுக்குள் கறுப்புத் தண்ணீர் புகுந்தது. அன்றைக்கு லீவ் முடிந்து ஜம்முவுக்குக் கிளம்ப வேண்டிய வீரர் மாதவரத்தில் இருந்திருந்தால், அவர் கிளம்பாததற்குக் காரணம் கேட்க யாருக்கும் வாய் வராது.

ஆனால் ரயில்கள் ஓடத் தொடங்கிய பிறகு? வீட்டில் சேறு அள்ளுவதற்காக இன்னும் ஒரு வாரம் நின்றிருந்தால்? அது மனிதாபிமானக் காரணம்தான். ஆனாலும் அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். புயல் தாமதத்தின் முதல் சில நாள்களைக் காப்பாற்றும். மீதி நாள்களைக் காப்பாற்ற ஒரு விண்ணப்பம் வேண்டும். அந்த வித்தியாசம் தெரியாமல்தான் நல்ல காரணம் இருந்தவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முன்பெல்லாம் இதற்குத் தந்தி இருந்தது. ‘ஒய்ஃப் சீரியஸ், எக்ஸ்டென்ட் லீவ்’ என்று அடித்துவிட்டு ரசீதை மடித்துப் பர்சில் வைத்துக்கொள்வார்கள். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது கம்பெனி கிளார்க்குக்கு வாட்ஸ்ஆப் போகிறது. ப்ளூ டிக் விழுந்ததும் அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ப்ளூ டிக் அனுமதி ஆகாது. ஸ்பீட் போஸ்ட்டில் கமாண்டிங் ஆபீசர் பெயருக்கு ஒரு கடிதம், உடன் ஆவணம், கையில் ரசீது. ஐந்து நிமிட வேலை, பால்பண்ணை தபால் நிலையத்திலேயே முடிந்துவிடும். உடம்பு சரியில்லை என்றால் தெருமுனை கிளினிக்கின் சீட்டு எடுபடாது. பரங்கிமலை ராணுவ மருத்துவமனைக்குப் போவதே பாதுகாப்பு. அவ்வளவு தூரம் போக முடியாத நிலை என்றால் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனை அட்மிஷன் சீட்டு.

30-ஆம் நாள் என்ன நடக்கிறது?

தொடர்ந்து 30 நாள் ஆள் வராவிட்டால் யூனிட்டில் கோர்ட் ஆஃப் என்கொயரி கூடும். சாட்சிகளை விசாரித்து, எந்தத் தேதியிலிருந்து இல்லை, அவர் பொறுப்பில் இருந்த ஆயுதம், சாமான்களில் எது குறைகிறது என்று பதிவு செய்யும். பிறகு கோர்ட் மார்ஷல் புத்தகத்தில் ஏறும். அதன் பின்னும் அவர் வராவிட்டால் ‘ஓடிப்போனவர்’ என்று சட்டம் கருதும்.

இது ஆள் இல்லாத இடத்தில் நடக்கும் பதிவு. குற்றத் தீர்ப்பு வேறு. திரும்பி வந்த பிறகு, திரும்பும் எண்ணம் இருந்தது என்று வாதாட வழி அடைபடுவதில்லை. இதை வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை. ‘டிசர்ட்டர் போட்டுட்டாங்க, இனி போனா சுட்டுடுவாங்க’ என்று யாரோ ஒரு பழைய மிலிட்டரிக்காரர் டீக்கடையில் சொன்னதை நம்பி, போகவேண்டியவர் இன்னும் ஆறு மாதம் ஒளிகிறார். மணலி புதுநகரில் செக்யூரிட்டி வேலை, மாதவரம் டிரக் டெர்மினலில் க்ளீனர் வேலை. ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிரான சாட்சியம் ஒரு பக்கம் கூடுகிறது. வேறு வேலையில் சேர்ந்தது, திரும்பும் எண்ணம் இல்லை என்பதற்கு யூனிட் காட்டும் முதல் ஆதாரமாகிவிடும்.

நீதிபதியும் அவரே

திரும்பிச் சென்ற வீரர் முதலில் நிற்பது கமாண்டிங் ஆபீசர் முன்னால். ராணுவ விதி 22-இன்படி குற்றச்சாட்டை வீரரின் முன்னிலையில் கேட்க வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை வீரருக்கு உண்டு. தாமதம் சிறிதென்றால் பெரும்பாலும் பிரிவு 80-இன்கீழ் தண்டனையோடு முடியும். அதற்கு மேல் போனால் சம்மரி கோர்ட் மார்ஷல்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. சம்மரி கோர்ட் மார்ஷலில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே மன்றம். கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் அவர்களுக்குத் தீர்ப்பில் குரல் இல்லை. லெஃப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேல் ரேங்க் உள்ளவர் நடத்தினால் ஓராண்டுவரை சிறை, கூடவே டிஸ்மிஸ். மேலிடம் உறுதிப்படுத்தத் தேவையில்லை, உடனே அமலாகும். தனக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம், அவர் வக்கீலாகவும் இருக்கலாம் என்கிறது விதி 129. ஆனால் அந்தத் துணைவர் சாட்சியைக் கேள்வி கேட்க முடியாது, மன்றத்திடம் பேச முடியாது. காதில் சொல்லித் தரலாம், அவ்வளவுதான். ஒளிந்திருந்து பிடிபட்ட இருபத்தைந்து வயதுப் பையன், தன் சம்பளம், லீவ், பதவி உயர்வு எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே, தானே குறுக்கு விசாரணை செய்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

‘ஒத்துக்கோ, சின்னதா முடிச்சுடலாம்’ என்று நல்ல மனத்தோடு ஒரு சுபேதார் சாப் சொல்லக்கூடும். அந்த ஒப்புதலின் விளைவை மன்றம் விளக்கிச் சொல்ல வேண்டும், விளக்கியதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது விதி 115. வீரருக்குப் புரியும் மொழியில் அது நடந்ததா என்பது பின்னால் மேல்முறையீட்டில் முக்கியக் கேள்வியாகும். தயாராவதற்குக் கொடுக்க வேண்டிய அவகாசம் சாதாரணமாக 96 மணி நேரம், களப்பணியில் 24 மணி நேரம். இந்த நேரத்தைக் கேட்டு வாங்குவது திமிர் ஆகாது, உரிமை.

கமாண்டிங் ஆபீசரின் அதிகாரத்துக்கு எல்லை இல்லாமலும் இல்லை. 1987-இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில், வீரர் யார்மேல் புகார் கொடுத்திருந்தாரோ அந்த அதிகாரியே மன்றத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டை மறுத்த குற்றத்துக்கு ஓராண்டு சிறையும் டிஸ்மிஸ்ஸும் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருதலைச் சார்பு, குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை என்ற இரண்டுமே காரணம். லீவ் தாண்டிய வழக்குகளில் ‘தண்டனை மிகையானது’ என்று வாதாடும் வக்கீல்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

108 நாள்

அந்த வாதம் எல்லா இடத்திலும் ஓடாது என்பதற்கு 2023 ஜூலை 28 தீர்ப்பைப் பார்க்கலாம். மதன் பிரசாத் வழக்கு. ஆர்மி சர்வீஸ் கோரில் 1983-இல் ஓட்டுநராகச் சேர்ந்தவர். 1998 நவம்பரில் 39 நாள் லீவில் ஊருக்குப் போனார். நீட்டிப்பு கேட்டார், மேலும் 30 நாள் கொடுத்தார்கள், 1999 ஜனவரி நடுப்பகுதிவரை. அதற்குப் பிறகும் போகவில்லை. மொத்தம் 108 நாள் லீவைத் தாண்டிவிட்டார். மனைவிக்கு உடல்நிலை மோசம் என்றார். சம்மரி கோர்ட் மார்ஷல் டிஸ்மிஸ் செய்தது, ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் லக்னோ அமர்வு தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஹிமா கோலி, ராஜேஷ் பிந்தல் அமர்வும் அதையே உறுதி செய்தது. மனைவியின் அருகில் அவ்வளவு நாள் இருந்தே ஆகவேண்டும் என்று காட்டும் மருத்துவ ஆவணம் எதுவும் இல்லை. முன்பும் இதே போன்ற தவறுகளுக்குத் தண்டனை பெற்றவர்.

இதில் கவனிக்க வேண்டியது, படை அவருக்கு முதல் நீட்டிப்பைக் கொடுத்திருக்கிறது என்பது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தும், ஆவணம் எதையும் காட்டாமல் நின்றதும் பழைய தண்டனைகளும்தான் அவரைச் சாய்த்தன. 1983-இல் சேர்ந்தவர் 15 ஆண்டு பென்ஷன் கோட்டைத் தாண்டியிருந்தார். டிஸ்மிஸ் ஆனவருக்கு ஓய்வூதியம் உரிமையாகக் கிடைக்காது. நூற்றெட்டு நாளின் விலை அது.

மறுபக்கத்தில் 2015-இன் வீரேந்திர குமார் துபே வழக்கு. (மேலே சொன்ன கேப்டன் வேறு, இவர் வேறு.) நடத்தைச் சீட்டில் நான்கு ரெட் இங்க் என்ட்ரி (சிவப்பு மையில் பதியும் தண்டனைக் குறிப்பு) விழுந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. நான்கு விழுந்ததாலேயே யாரையும் அனுப்பிவிட முடியாது. விசாரணை நடத்தி, எத்தனை ஆண்டு சேவை, எவ்வளவு கடினமான இடங்களில் பணி என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சியாச்சினில் நின்ற காலம் காகிதத்தில் இருந்தால், அது கணக்கில் வந்தாக வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: தண்டனைக்குப் பிறகு எங்கே போவது?

முதலில் மேலதிகாரிக்கும் ராணுவத் தளபதி அல்லது மத்திய அரசுக்கும் மனு (பிரிவு 164).

பிறகு ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது, 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்காரருக்குச் சென்னை அமர்வு உண்டு, டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை.

கோர்ட் மார்ஷல் தீர்ப்புமீது மேல்முறையீட்டுக்கு 90 நாள். டிஸ்சார்ஜ் போன்ற நிர்வாக ஆணைகளுக்கு இறுதி ஆணை தேதியிலிருந்து 6 மாதம். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

தீர்ப்பாயத்தில் தோற்றால் உயர் நீதிமன்றக் கதவு அடைபடவில்லை என்று 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீடு தாங்கும் தண்டனை

லீவ் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் கிடையாது. வங்கிக் கடன் தவணை அந்த மாதமே தவறும். மருமகளிடம் மாமியார் கேட்பார், மாமியாரிடம் தெரு கேட்கும். ஆனால் இதைவிடக் கொடுமை இன்னொரு வகை வீட்டில் நடக்கிறது. மகன் யூனிட்டிலிருந்து லீவில் கிளம்பினான் என்கிறார்கள், வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. யூனிட் பதிவில் ஓடிப்போனவர். வீட்டுக்கோ அவர் காணாமல் போனவர். அந்த முத்திரை இருக்கும்வரை மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியப் பேச்சே எடுபடாது.

இப்படிப்பட்ட வீட்டார் முதல் வாரத்திலேயே காவல் நிலையத்தில் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்க வேண்டும். மானம் போய்விடும் என்று தயங்குபவர்கள்தான் பிறகு ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். ஏழு ஆண்டு ஒருவரைப் பற்றி அவருடைய நெருங்கியவர்களுக்கே தகவல் இல்லை என்றால் இறந்ததாகக் கருத புதிய சாட்சியச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அந்த ஏழு ஆண்டு எப்போது தொடங்கியது என்று காட்ட அந்த எஃப்.ஐ.ஆர். தேதிதான் கையில் இருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. இலங்கையில் படையை விட்டு வந்தவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால், அரசே அவ்வப்போது பொது மன்னிப்பு அறிவிக்கிறது. 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை ஒரு மாதம் கொடுத்ததில் முப்படைகளிலுமாக 15,000 பேருக்கு மேல் முறைப்படி விடுவிக்கப்பட்டார்கள். சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளிலோ கட்டாயத் தேசிய சேவை: அழைப்பை மீறி வெளிநாட்டில் தங்கும் பையனுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. அப்படிப்பட்ட மன்னிப்புப் பருவங்கள் இங்கே வழக்கத்தில் இல்லை.

யாரும் பயன்படுத்தாத 32

லீவைத் தாண்டி நிற்பதற்கான காரணங்களில் பட்டா தகராறு போன்ற வழக்குகளும் உண்டு. ஆனால் ராணுவச் சட்டத்திலேயே இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, பிரிவு 32. வழக்குக்காக லீவ் எடுத்திருக்கிறேன் என்று படை அதிகாரியின் சான்றிதழைக் காட்டி விண்ணப்பித்தால், முடிந்தவரை அந்த லீவ் காலத்துக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்க சிவில் நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா லீவை நீட்டித்துக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக, கிளம்பும்போதே யூனிட்டில் இந்தச் சான்றிதழை வாங்கி வந்து வக்கீலிடம் கொடுத்தால் போதும். சிவில் வக்கீல்களில் பலருக்கே இது புதுச் செய்தியாக இருக்கக்கூடும்; கேட்டு நினைவூட்டுங்கள்.

வக்கீல் பீஸ் இல்லை என்பவர்களுக்கு 2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகரில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய ‘வீர் பரிவார் சஹாயதா யோஜனா’ இருக்கிறது. படைவீரர் வீட்டு வழக்குகளுக்கு இலவசச் சட்ட உதவி, முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வழியாக. மகன் எல்லையில் இருக்க, வீட்டு வழக்கை அம்மாவே இங்கிருந்து நடத்தலாம்.

முப்பது நாள் லீவ்

இந்தப் பிரச்சினை இனி கூடும் என்றே தோன்றுகிறது. வழக்கமான ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் அக்னிவீரருக்கு 30 நாள்தான். லடாக்கிலிருந்து மாதவரம் வந்து போவதற்குள் பயணத்திலேயே ஒரு வாரம் கரையும். அக்கா கல்யாணம், அப்பா ஆபரேஷன் இரண்டும் ஒரே ஆண்டில் வந்தால் இரண்டில் ஒன்றைத்தான் அவர் பார்க்க முடியும். நான்காண்டு முடிவில் 25 சதவீதம் பேருக்கே நிரந்தர இடம், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லாமல் விடை. 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 இறுதியில் அந்தக் கணக்குப் பார்ப்பார்கள். அப்போது நடத்தைச் சீட்டில் இருக்கும் ஒரு சிவப்பு மை வரி, மற்ற எல்லாம் சமமாக உள்ள இருவரில் யாரை அனுப்புவது என்பதை முடிவு செய்துவிடும்.

திருவொற்றியூர்க் கடற்கரையிலும் மாதவரத்து மைதானங்களிலும் விடியற்காலையில் பையன்கள் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடப் பழகுகிறார்கள். சேர்ப்பு முகாமுக்கு வேண்டிய ஓட்டம், புல்-அப்ஸ், எழுத்துத் தேர்வு எல்லாம் சொல்லித் தர அகாடமிகள் இருக்கின்றன. அந்த வகுப்புகளோடு ஒரு மணி நேரம் சேர்த்து, லீவ் சர்டிபிகேட்டை எப்படிப் படிப்பது, நீட்டிப்பை யாருக்கு எழுதுவது, ரசீதை எங்கே வைப்பது, தாமதமாகிவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று சொல்லித் தரலாம். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவராவது இல்லாத பேட்டை வடசென்னையில் அபூர்வம். பாடம் எடுக்க ஆள் தேட வேண்டியதில்லை.